கார் ஏசி கொஞ்ச நேரம் குளிர்கிறது, அப்புறம் அனல்: தஞ்சாவூர் – கொரடாச்சேரி ரோட்டில் தினம் இதே கதை

வெண்ணாற்றங்கரை | மே 9, காலை 6.40

எல்லாருக்கும் வணக்கம். நான் கொரடாச்சேரி பக்கம். 2014 மாடல் பெட்ரோல் கார், 86,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை தஞ்சாவூரில் டயாலிசிஸ். விடியற்காலையில் கிளம்பிப் போகும்போது ஏசி ஜில்லென்று இருக்கும். சிக்கல் திரும்பி வரும்போதுதான். மதியம் இரண்டு மணி வெயிலில் தஞ்சாவூரை விட்டு வெளியே வரும்வரை நன்றாகக் குளிர்கிறது. சாலியமங்கலம் தாண்டினால் மெல்ல வெதுவெதுப்பாகிறது. அம்மாபேட்டைக்குப் பிறகு ஐந்து நிமிடம் மறுபடி குளிரும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிறுத்தினால் அவ்வளவுதான், வெறும் அனல். வீடு வந்து சேரும்வரை அப்படியே.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் தாகத்துக்குத் தோன்றியபடி தண்ணீர் குடிக்க முடியாது, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்துதான். வெயிலில் வியர்த்து நாக்கு வறண்டு அம்மா பாட்டிலைப் பார்க்கும்போது எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இதுவரை செய்தது: மார்ச்சில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேஸ் ஏற்றினேன். சரியாகவில்லை. ஏப்ரல் கடைசியில் மறுபடி போனேன். “கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன், இனிமே பிரச்சினை வராது” என்றார்கள். இப்போது முன்னைவிட மோசம். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

—

நாகை டாக்சி | மே 9, காலை 8.15

வணக்கம் தம்பி. அம்மா சீக்கிரம் தெம்பாகட்டும்.

நான் பதினெட்டு வருடமாக வேளாங்கண்ணி சவாரி ஓட்டுகிறேன். என் அனுபவத்தில் முதலில் கசிவைப் பாருங்கள். கடலோர உப்புக் காற்றில், ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் அரித்து, விரலால் தொட்டால் மாவு மாதிரி உதிரும். என் பழைய வண்டியில் அடி மூலையில் எண்ணெய் படிந்த மாதிரி ஒரு திட்டு இருந்தது, அதன் மேல் தூசி ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. அங்கேதான் ஊசி முனை அளவு ஓட்டை. கேஸ் வெளியே போகும்போது, கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசரின் ஆயிலையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு போகும், அதனால் எண்ணெய்க் கறை இருக்கிற இடம்தான் கசிகிற இடம். குழாய் இணைப்புகள் எல்லாவற்றிலும் கையால் தடவிப் பாருங்கள்.

—

குடந்தை மெக்கானிக் | மே 9, இரவு 9.50

நாகை அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் இந்த வண்டிக்கு அது பொருந்துமா என்று சந்தேகமாக இருக்கிறது. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. கேஸ் குறைந்த வண்டி விடியற்காலையிலும் சுமாராகத்தான் குளிரும். கேஸ் அழுத்தத்தைக் கவனிக்கிற பிரஷர் சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும், கம்ப்ரசரை என்ஜின் பெல்ட்டோடு சேர்த்துப் பிரிக்கிற ஏசி கிளட்ச் சில நொடிக்கு ஒருமுறை டக் டக் என்று விழுந்து எழும். உங்களுக்கோ போகும்போது ஜில்லென்று இருக்கிறது, வரும்போதுதான் தகராறு. விட்டு விட்டு வருகிற கோளாறை ஓடுகிற வண்டியில், அது நிற்கிற அந்த நிமிடத்தில்தான் பிடிக்க முடியும். ஷெட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது சரியாகிவிட்டிருக்கும், எதுவும் தெரியாமல் மெக்கானிக் கேஸ் கேனை எடுப்பார். தொழிலில் இருக்கிற எனக்கே இதைச் சொல்ல வருத்தமாக இருக்கிறது.

அடுத்த முறை அனல் அடிக்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, புளோயர் காற்றின் வேகம் குறைகிறதா, அல்லது வேகம் அப்படியே இருந்து சூடு மட்டும் ஏறுகிறதா? இரண்டு, ஓரமாக நிறுத்தி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பானட்டைத் திறந்து கம்ப்ரசரின் முகத்தைப் பாருங்கள். பெல்ட் ஓடுகிற புல்லி எப்போதும் சுற்றும். அதற்கு முன்னால் இருக்கிற வட்டத் தட்டு ஏசி வேலை செய்யும்போது மட்டும்தான் சேர்ந்து சுற்றும். அது நிற்கிறதா, சுற்றுகிறதா? மூன்று, ரேடியேட்டர் பக்கத்து ஃபேன் ஓடுகிறதா?

கை, துண்டு, சேலைத் தலைப்பு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. தள்ளி நின்று கண்ணால் மட்டும் பாருங்கள்.

—

மன்னை விவசாயி | மே 10, காலை 5.30

காற்றின் வேகத்தை அவர் ஏன் கேட்கிறார் என்றால், எனக்கு நடந்தது அதுதான். போன வருடம் என் வண்டியில் முக்கால் மணி நேரம் ஓடியதும் காற்றே வராது. புளோயர் சத்தம் மட்டும் கேட்கும். ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி ஜில்லென்று வரும், வண்டிக்கு அடியில் தண்ணீர் கொடகொடவென்று ஊற்றும். டேஷ்போர்டுக்கு உள்ளே கூலிங் காயில் மேல் பனிக்கட்டி படிந்து காற்று போகிற வழியையே அடைத்துக்கொண்டிருந்தது. காயில் ரொம்பக் குளிர்ந்தால் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்வது தெர்மிஸ்டர் என்கிற சின்ன உணரி. அதன் வயரை எலி கடித்து வைத்திருந்தது.

வயலை ஒட்டி வீடு உள்ளவர்கள் இதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அறுப்பு முடிந்தால் எலி வேறு இடம் தேடும், சூடான என்ஜின்தான் அதற்கு வசதி. பானட்டுக்குள் வைக்கோல், புழுக்கை கிடக்கிறதா என்று பாருங்கள்.

—

வெண்ணாற்றங்கரை | மே 11, இரவு 8.20

இன்றைக்கு டயாலிசிஸ் நாள். பார்த்துவிட்டேன். காற்றின் வேகம் குறையவே இல்லை, நன்றாக அடிக்கிறது, சூடாக. ஆகவே ஐயா சொன்ன பனிக்கட்டி இல்லை என்று நினைக்கிறேன். எலி வந்த அடையாளமும் இல்லை.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் வேறு. அம்மா பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு இறங்கி பானட்டைத் திறந்தேன். ஃபேன் ஓடியது. புல்லி சுற்றியது. முன் தட்டு அசையாமல் நின்றது. அதன் மேல் கோடு மாதிரி ஒரு கீறல் இருக்கிறது, அந்தக் கோடு அப்படியே மேலே பார்த்தபடி நின்றது. கேட் திறந்து இரண்டு கிலோமீட்டர் போனதும் டக் என்று ஒரு சத்தம், குளிர் வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போய்விட்டது.

—

மாயவரம் எலெக்ட்ரீஷியன் | மே 11, இரவு 10.05

அருமை சார். தட்டு நிற்கிறது என்பதே பாதி விடை. இப்போது கேள்வி ஒன்றே ஒன்று: தட்டு நிற்கும்போது, அதை இழுத்து ஒட்டவைக்கிற கிளட்ச் காயிலுக்குக் கரண்ட் வருகிறதா, இல்லையா?

கம்ப்ரசர் முகத்தின் பின்னால் ஒற்றை வயரோ இரட்டை வயரோ போகும், அதுதான் காயில் வயர். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை அந்தக் கனெக்டரில். 13 வோல்ட்டுக்கு மேல் காட்டி, தட்டும் ஒட்டவில்லை என்றால் கோளாறு கிளட்சில். ஒன்றுமே காட்டவில்லை என்றால் யாரோ பின்னாலிருந்து நிறுத்துகிறார்கள்: ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பிரஷர் சுவிட்ச், தெர்மிஸ்டர், இல்லை ஈ.சி.யு. என்கிற வண்டியின் கணினி. ஹாரன் ரிலேயும் ஏசி ரிலேயும் பல வண்டிகளில் ஒரே மாதிரி இருக்கும், இரண்டிலும் எண் ஒன்றுதானா என்று பார்த்து ஒன்றை எடுத்து மற்றதில் போட்டுப் பாருங்கள், செலவே இல்லாத சோதனை.

—

குடந்தை மெக்கானிக் | மே 12, காலை 7.10

மீட்டர் வைப்பதற்கு முன்னால் ஒன்று. “கொஞ்சம் கூடவே போட்டிருக்கேன்” என்றார்களே, அதுதான் இரண்டு நாளாக எனக்கு உறுத்துகிறது. கேஸ் கூடினாலும் குளிராது. கண்டென்சரில் கேஸ் திரவமாக மாற இடம் வேண்டும். அளவுக்கு மேல் ஏற்றினால் அந்த இடத்தைத் திரவமே அடைத்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும், பாதுகாப்புக்காகப் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். நிற்கிற வண்டியில் எதிர்க்காற்றும் இல்லை, அதனால்தான் கேட்டில் இன்னும் மோசம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. என்ஜினை அணைத்து வைத்த வண்டியில் கேஜ் (அழுத்தமானி) மாட்டி “கேஸ் இவ்வளவு இருக்கு” என்று சொல்லவே முடியாது. உள்ளே கொஞ்சமாவது திரவம் இருந்தால் ஏசி கேஸான ஆர்134ஏ-வின் அழுத்தம் வெப்பநிலையை மட்டும்தான் பின்பற்றும். 30 டிகிரியில் ஏறத்தாழ 97 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) காட்டும், 200 கிராம் இருந்தாலும் அதுதான், 600 கிராம் இருந்தாலும் அதுதான். சரியான அளவு தராசில்தான் தெரியும். பானட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். பழைய கேஸை மெஷினில் உறிஞ்சி, எடை பார்த்து, வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), ஸ்டிக்கர் அளவுக்கு ஏற்றுகிற கடைக்குப் போங்கள். சும்மா வால்வைத் திறந்து காற்றில் விடுகிற கடை வேண்டாம். ஒரு கிலோ ஆர்134ஏ, நூறு வருடக் கணக்கில் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். நம் ஊர் வெயிலை நாமே ஏற்ற வேண்டாம்.

அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை. வெயிலில் வண்டியை நிறுத்தி ஏசி ஓடவிட்டு, முன் கிரில் வழியாகக் கண்டென்சர் மேல் நான்கைந்து குவளைத் தண்ணீர் மெதுவாக ஊற்றுங்கள். உடனே குளிர் கூடினால் கண்டென்சர் சூட்டை வெளியே தள்ள முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம்.

—

வெண்ணாற்றங்கரை | மே 14, இரவு 9.00

தண்ணீர் ஊற்றினேன், குளிர் கூடியது. நேற்று திருவாரூரில் மெஷின் வைத்திருக்கும் ஒரு கடைக்குப் போனேன். அரை நாள் பக்கத்திலேயே நின்றேன். கேஜ் மாட்டி, வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டபோது ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கம்) 320 பி.எஸ்.ஐ., லோ சைடு (குறைந்த பக்கம்) 55. பார்த்ததும் அவர் தலையை ஆட்டினார். உறிஞ்சி எடுத்ததில் 560 கிராம் வந்தது. என் வண்டி ஸ்டிக்கரில் இருப்பது 420.

அதைவிட எனக்கு ஆச்சரியம் பம்பரைக் கழற்றியபோதுதான். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி, அது முழுக்க உளுந்துப் பொட்டு, அதாவது காய் உடைந்த தோலும் சருகும். நெல் பதரும் கலந்து மெத்தை மாதிரி. மாசி பங்குனியில் எங்கள் ரோடு பூராவும் உளுந்துச் செடியைப் பரப்பிப் போட்டிருப்பார்கள், போகிற வண்டிகள் மிதித்தே காய் உடையும். நானும் அதன் மேல்தான் தினமும் ஏறிப் போனேன். கை விட்டு ஒரு பிடி அள்ளினேன், அடியில் ஈரம் பட்டு இரண்டு உளுந்து முளையே விட்டிருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் சுத்தமாகத்தான் தெரிந்தது. அடைப்பு பின்பக்கம்.

சுத்தம் செய்து, அரை மணி நேரம் வேக்கம் போட்டு, 420 கிராம் எடை போட்டு ஏற்றினார். இப்போது ஹை சைடு 230, லோ சைடு 32. உள்ளே கைக்கு ஜில்லென்று இருக்கிறது. எல்லாருக்கும் கோடி நன்றி.

—

நாகை டாக்சி | மே 14, இரவு 9.40

ரொம்பச் சந்தோஷம் தம்பி. நான் கசிவு என்று சொன்னது தப்பாகிவிட்டது, பரவாயில்லை, அம்மாவுக்குக் குளிர்ந்தால் போதும். தண்ணீர் அடித்துக் கழுவும்போது பிரஷர் பம்பைக் கிட்டே வைக்க விடாதீர்கள், தகடு மடங்கிவிடும்.

வேக்கம் அரை மணி நேரம் போதுமா? எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் போடுவார்கள்.

—

குடந்தை மெக்கானிக் | மே 14, இரவு 10.30

குழாய் திறக்காத வண்டிக்கு அரை மணி போதும் அண்ணே. திறந்து பாகம் மாற்றியிருந்தால் நீங்கள் சொல்கிற ஒரு மணிதான் சரி, ஈரத்தை உறிஞ்சுகிற டிரையரும் புதுசு போட வேண்டும். உள்ளே ஈரம் இருந்தால் கேஸ் விரிந்து குளிர்கிற எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துவாரத்தில் அது உறைந்து கேஸ் ஓட்டத்தை அடைக்கும். கொஞ்ச நேரம் நின்றால் உருகி வழி விடும். அதுவும் இதே மாதிரி விட்டு விட்டுக் குளிர்கிற கோளாறுதான்.

தம்பி, மீட்டர் சோதனை இன்னும் பாக்கி இருக்கிறது. இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்கள்.

—

வெண்ணாற்றங்கரை | மே 18, மாலை 5.45

மறுபடி வந்துவிட்டது. முன்பு மாதிரி அடிக்கடி இல்லை. ஒரு மணி நேரம் நன்றாக ஓடி, கோவில்வெண்ணி பக்கம் போய்விட்டது. நீடாமங்கலத்தில் பானட்டைத் திறந்தேன். தட்டு நிற்கிறது. இந்த முறை மீட்டர் கையில் இருந்தது. 13.6 வோல்ட். கரண்ட் வருகிறது, தட்டு ஒட்டவில்லை.

இரண்டு தடவை செலவு செய்தும் இப்படியா என்று உட்கார்ந்துவிட்டேன். அம்மாதான் “சரி விடு, வீட்டுக்குப் போய்ப் பாத்துக்கலாம்” என்றார்.

—

மாயவரம் எலெக்ட்ரீஷியன் | மே 18, மாலை 6.30

சோர்ந்து போகாதீர்கள் சார். நீங்கள் எழுதிய 13.6 என்ற அந்த ஓர் எண், ரிலே, சுவிட்ச், தெர்மிஸ்டர், வயரிங் எல்லாவற்றையும் ஒரே அடியில் விடுதலை செய்துவிட்டது. குற்றவாளி கிளட்ச் மட்டும்தான். காயில் ரெசிஸ்டன்ஸை ஆறியிருக்கும்போது ஒருமுறையும் சூட்டில் நின்றுபோகும்போது ஒருமுறையும் அளந்து போடுங்கள். அளக்கும்போது என்ஜினை அணைத்து, கனெக்டரைக் கழற்றிவிடுங்கள்.

—

மன்னை விவசாயி | மே 18, இரவு 7.15

எங்கள் ஊரில் ஒரு டிரைவர் இந்த மாதிரி நின்றால் நீளமான குச்சியால் தட்டை ஒரு தட்டு தட்டுவார், டக் என்று ஒட்டிக்கொள்ளும். அப்படிச் செய்து பார்க்கலாமே?

—

குடந்தை மெக்கானிக் | மே 18, இரவு 8.00

ஐயா, தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். குச்சி பெல்ட்டில் மாட்டினால் திரும்பி முகத்தில்தான் வரும். என்னிடம் வேலை பழகிய பையனின் புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஆனால் தட்டினால் ஒட்டுகிறது என்பதில் ஓர் உண்மை இருக்கிறது.

கிளட்ச் ஒரு மின்காந்தம். கரண்ட் பாய்ந்ததும் முன் தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். ஒட்டாதபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி, பெரும்பாலான வண்டிகளில் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர். ஒவ்வொரு முறை ஒட்டும்போதும் இரும்பு துளி தேய்கிறது. 86,000 கிலோமீட்டரில் அந்த இடைவெளி அகலமாகிவிடும். இடைவெளி இரட்டிப்பானால் இழுக்கிற சக்தி ஏறத்தாழ கால் பங்காகிவிடும்.

காலையில் காயில் ஆறியிருக்கிறது, கரண்ட் நிறையப் பாய்கிறது, எப்படியோ இழுத்துவிடுகிறது. ஒருமுறை ஒட்டிவிட்டால் இடைவெளியே இல்லை, பிடித்து வைத்திருக்கக் கொஞ்சச் சக்தி போதும், அதனால் சூடானாலும் விடாது. அப்புறம் கூலிங் காயில் நன்றாகக் குளிர்ந்ததும் தெர்மிஸ்டர் முறைப்படி கம்ப்ரசரை நிறுத்தும். எல்லா வண்டியிலும் நடப்பதுதான். சில நொடியில் மறுபடி ஒட்ட வேண்டும். உங்கள் வண்டியில் அங்கேதான் மாட்டுகிறது: காயில் சூடு, இடைவெளி அகலம், இழுக்கத் தெம்பில்லை. ஓடுகிற காற்றில் கொஞ்சம் ஆறினால் டக் என்று ஒட்டும். நீங்கள் கேட்டைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் கேட்ட சத்தம் அதுதான்.

கேஸைத் தொடவே வேண்டாம். கம்ப்ரசர் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நடு போல்ட்டைக் கழற்றி முன் தட்டை எடுத்தால் தண்டின் மேல் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்தாலோ மெல்லியதாக மாற்றினாலோ இடைவெளி குறையும். ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) சுற்றி மூன்று இடத்தில் அளக்கச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் அளந்தால் ஏமாந்துபோவோம். 0.3-க்குக் கீழே போகவும் கூடாது, ஏசி அணைந்த பிறகும் தட்டு உரசிச் சூடேறிவிடும்.

—

வெண்ணாற்றங்கரை | மே 22, இரவு 8.50

முடிந்தது. காயில் ஆறியபோது 3.6 ஓம், கேட்டில் நின்றுபோனபோது 4.4 ஓம். மாயவரம் சார் கணக்குக்காகச் சொல்கிறேன், 13.6 வோல்ட்டுக்கு 3.8 ஆம்பியர் பாய வேண்டிய இடத்தில் 3.1 தான் பாய்ந்திருக்கிறது.

திருவாரூர் கடைக்காரர் மூன்று இடத்தில் அளந்தார்: 0.95, 0.9, 0.95. இரண்டு வாஷர் இருந்தது, அரை மில்லிமீட்டர் வாஷரை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நகத்தைவிட மெல்லியது. மாட்டி அளந்தால் 0.45, 0.4, 0.45. முக்கால் மணி நேர வேலை, கூலி 400 ரூபாய். கேஸ் ஏற்ற இரண்டு தடவை கொடுத்தது 3,500.

இன்றைக்குத் தஞ்சாவூரிலிருந்து இரண்டேகாலுக்குக் கிளம்பினோம். சாலியமங்கலம், அம்மாபேட்டை, கோவில்வெண்ணி எல்லாம் தாண்டியும் ஜில்லென்றே இருந்தது. நீடாமங்கலத்தில் கேட் மூடியிருந்தது, இருபது நிமிடம். பானட்டைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டேன். டக் என்று விடும், நான்கைந்து நொடியில் டக் என்று ஒட்டும். ஒருமுறைகூடத் தவறவில்லை. அம்மா பாட்டிலைக் கேட்கவில்லை. கேட் திறக்கும்போது பார்த்தேன், தூங்கிப்போயிருந்தார், துண்டை இழுத்துத் தோளில் போர்த்தியிருந்தார்.

—

மாயவரம் எலெக்ட்ரீஷியன் | மே 22, இரவு 9.20

படிக்கவே குளிர்ச்சியாக இருக்கிறது சார். அந்தக் கனெக்டரில் பச்சை பூத்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்து கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள், மழைக்காலத்துக்கு முன்னால்.

—

குடந்தை மெக்கானிக் | மே 22, இரவு 10.10

எடுத்த வாஷரை வண்டி டேஷ்போர்டிலேயே பத்திரமாக வையுங்கள் தம்பி. பின்னால் தட்டு மாற்றினால் அது மறுபடி தேவைப்படும். அடுத்த வருடம் உளுந்து எடுத்து முடிந்ததும் கண்டென்சருக்குப் பின்பக்கம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.